இசட்4 முன்பக்கம் உரசுது: ஸ்பிரிங் ஸ்பேசர் எத்தனை மில்லி போடலாம்?

அம்பை ரோட்ஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2012 பிஎம்டபிள்யூ இசட்4, ஈ89 பாடி. கொச்சியில செகண்ட் ஹேண்டா எடுத்தது. புனலூர், ஆரியங்காவு, செங்கோட்டை வழியா நானே ஓட்டிட்டு வந்தேன், மலைப்பாதையில ஒரு குறையும் தெரியல. அம்பாசமுத்திரத்துக்குள்ள நுழைஞ்ச பிறகுதான் தொல்லை.

எங்க தெருவுல ரோட்டுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவுல சாக்கடை வாறுகால். அதுமேல கல் பாவி சிமெண்ட்ல சரிவு போட்டிருக்கு. கேட்டுக்குள்ள ஏத்துறப்ப முன் பம்பரோட கீழ் லிப் சிமெண்ட்ல தேயுது. சேரன்மகாதேவி ரோட்டுல ஒண்ணு ரெண்டு வேகத்தடையில நடு வயிறும் தட்டுது, ஆனா பைய போனா அது தப்பிச்சிரும். லிப்புக்கும் தரைக்கும் 115 மில்லி இருக்கு. டயர் முன்னால 225/40 ஆர்18, பின்னால 255/35 ஆர்18.

ஒரு கடையில ஸ்பிரிங்கோட சேத்து 30 மில்லி தடிமன்ல அலுமினிய ஸ்பேசர், அதாவது வண்டியை ஒசத்துற வளையம், போட்டா பிரச்சினை தீர்ந்துதுன்னாங்க. இன்னொருத்தர், ஸ்பேசர் போட்டா ஸ்பிரிங் அமுங்கி வண்டி விறைச்சு கட்டையாயிரும், முதுகு போயிரும்னு பயமுறுத்துறார். யார் சொல்றது சரி? முன்னால மட்டும் போட்டா போதுமா?

வள்ளியூர் காத்தாடி

இதுக்குப் போயி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த ஸ்ட்ரட்டை எல்லாம் இறக்கணுமா? ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல திணிக்கிற ரப்பர் பஃபர் எல்லாக் கடையிலயும் கிடைக்கி. சோப்புத் தண்ணி தடவி அமுக்கினா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. எங்க வீட்டு செடான்ல போட்டு ஓட்டிட்டுத்தான் இருக்கேன்.

பட்டறைக்காரர்_வண்ணார்பேட்டை

காத்தாடி, உம்ம செடான்ல பின்சீட்டுல நாலு பேர் ஏறுனா குண்டி தாழுதுன்னு போட்டிருப்பீரு, அது வேற கதை வே. ரெண்டு சுத்துக்கு நடுவுல ரப்பரைத் திணிச்சா அந்த இடம் வேலை செய்யாது. மிச்சம் இருக்க சுத்துதான் மொத்தப் பாரத்தையும் தாங்கணும். ஸ்பிரிங் கட்டையாவுறது அதுலதான். ரப்பர் ஒரு பக்கம் கொஞ்சம் நகண்டாலும் இடதுக்கும் வலதுக்கும் ஸ்பிரிங் வேற வேற. இந்த மாதிரி வண்டியை 100-க்கு மேல விரட்டி ஒரு வளைவுல பிரேக் அமுக்கும்போது அது தெரியும்.

இப்ப தம்பிக்கு. ஸ்பேசர் போட்டா ஸ்பிரிங் அமுங்கி கட்டையாயிரும்னு சொன்னவரு நம்ம ஊர்ல முக்கால்வாசி பேர் சொல்லுததைத்தான் சொல்லியிருக்காரு. ஆனா அது தப்பு. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கணும்ங்கதை அதுமேல இருக்க பாரம்தான் முடிவு பண்ணும். நீங்க 15 மில்லி ஸ்பேசர் போட்டாலும் முன்பக்கப் பாரம் அதேதான், அதனால ஸ்பிரிங்கோட நீளமும் அதேதான். அது உக்காந்திருக்க மேடை மட்டும் 15 மில்லி ஒசந்திருக்கும். கட்டிலுக்குக் கால்ல செங்கல் வச்சா மெத்தை கட்டையாவுமா?

மாறுறது வேற ஒண்ணு. ஸ்ட்ரட்டோட மொத்த ஓட்டம், அதாவது அது நீண்டு சுருங்குற தூரம், மாறாது. வண்டி ஒசந்ததால மேல அமுங்குறதுக்கு 15 மில்லி கூடுது, கீழ தொங்குறதுக்கு 15 மில்லி குறையுது. சின்னப் பள்ளத்துல சக்கரம் இறங்கும்போது ஸ்ட்ரட் சீக்கிரமே முழுசா நீண்டுரும், அப்ப 'டக்'னு ஒரு அடி கேக்கும். 30 மில்லி போட்ட வண்டியில வேகத்தடை இறங்குற ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் வரும். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓட்டமே கொஞ்சம்தான், அதுல 30-ஐ ஒரே பக்கம் தின்னா என்ன மிஞ்சும்? என் கணக்குல 10 நல்லது, 15 எல்லை.

இன்னும் ஒண்ணு. உங்க வண்டியில முன்னால மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங் சக்கரத்துப் பக்கத்துலயே நிக்கி. அதனால 10 மில்லி வச்சா ஏறக்குறைய 10 மில்லிதான் ஏறும், ஒரு மில்லி கூடலாம். இன்டர்நெட்ல எவனோ 10 வச்சு 18 ஏறுச்சுன்னு எழுதியிருந்தா அவன் வண்டியில ஸ்பிரிங், சக்கரத்தைப் பாடியோட இணைக்கிற கீழ்க்கை நடுவுல உக்காந்திருக்கும். அந்தக் கணக்கை இங்க கொண்டு வராதீங்க.

லிப் கணக்கு பாருங்க. வீல்பேஸ் ஏறக்குறைய 2.5 மீட்டர். லிப் நுனி முன் சக்கர நடுவுல இருந்து முக்கால் மீட்டர் முன்னால துருத்தி நிக்கும்னு வைங்க. பின் சக்கரம் அசையாம முன்னால மட்டும் 15 ஏறினா, லிப்புல 19, 20 மில்லி கிடைக்கும். நடு வயிறுக்கு அதுல பாதி, ஏழரை மில்லிதான். வாறுகால் சரிவுக்கு முன் ஸ்பேசர் மருந்து. வேகத்தடைக்கு அது மருந்தே இல்ல.

ஆனா இதெல்லாம் பொறவு. முதல்ல அளவு எடுங்க. தரையில இருந்து எடுக்காதீங்க, டயர் காத்தைப் பொறுத்து அது மாறும். சக்கரத்தோட நடுப்புள்ளியில இருந்து நேர் மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும், நாலு பக்கமும். சமதரை, டேங்க் நிறைய பெட்ரோல், உள்ள ஆள் கூடாது. ஜாக்கி வச்சு இறக்குன உடனே அளக்கக் கூடாது, நாலு அடி முன்ன பின்ன உருட்டிட்டு அளக்கணும். கொச்சி வண்டின்னா உப்புக்காத்து பட்ட வண்டி. எனக்கு அந்த நாலு நம்பர் வேணும்.

ரிட்டயர்டு ரோடு

நெடுஞ்சாலைத் துறையில் காலம் தள்ளியவன் என்பதால் வேகத்தடை பற்றி மட்டும் பேசுகிறேன். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான கணக்கு அது. 2.5 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டி அதன் உச்சியில் நடுவாக நிற்கும்போது, இரு சக்கரங்களுக்கும் இடையில் மேடு 46 மில்லிதான் துருத்தும். அம்பைத் தம்பியின் 115 மில்லி வண்டி அதைத் தொடாமலே போய்விடும். உங்கள் வயிற்றில் தட்டுவது ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முழ அகலத்தில் கட்டி வைக்கிற குட்டிச்சுவர். அதற்குத் துறை பொறுப்பல்ல என்று சொல்லிக்கொள்ள இத்தனை வருஷம் கழித்தும் ஆசையாக இருக்கிறது. சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

பாளை டபிள்யூ124

என்னோடது பழைய மெர்சிடிஸ். அதுல கம்பெனியே இதுக்கு வழி வச்சிருக்கான். ஸ்பிரிங் தலையில உக்கார்ற ரப்பர் பேட் நாலு தடிமன்ல வரும்: 8, 13, 18, 23 மில்லி. பேட் விளிம்புல ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் மொட்டு இருக்கும், எண்ணிப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுரும். பட்டறைக்காரர் சொன்ன மாதிரி இதுல ஸ்பிரிங் கீழ்க்கை மேல நிக்கிறதால, பேட் ஏறுறதை விட ஃபெண்டர் அதிகமா ஏறும். அதனால ஸ்பேசர்னாலே ஏமாத்து வேலைன்னு யாரும் நினைக்க வேண்டாம். சின்ன அளவுல அது கம்பெனிக்காரனே செய்றதுதான்.

அம்பை ரோட்ஸ்டர்

அண்ணாச்சி, எங்க மில் களத்துல சமதரை பாத்து நிறுத்தி அளந்துட்டேன். முன் இடது 347, முன் வலது 358. பின்னால ரெண்டும் ஒரு மில்லி வித்தியாசத்துக்குள்ள. திரும்பத் திரும்ப அளந்தாலும் முன்னால 11 மில்லி வித்தியாசம் வருது. இடது பக்கம் மட்டும் தடிச்ச ஸ்பேசர் போட்டு சமன் பண்ணிரலாமா?

பட்டறைக்காரர்_வண்ணார்பேட்டை

போடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் 11 மில்லி இறங்கி நிக்குன்னா அங்கன ஏதோ செத்துப்போச்சு. சக்கரத்தைக் கழட்டிட்டு, டார்ச் அடிச்சு இடது ஸ்பிரிங்கோட கடைசிச் சுத்தைப் பாருங்க, கீழ் தட்டுல உக்கார்ற நுனியை. வலது நுனியோட ஒப்பிட்டுப் பாருங்க. பெயிண்ட் உரிஞ்சு துரு புடிச்சு அங்கதான் ஒடியும்.

அம்பை ரோட்ஸ்டர்

ஒடிஞ்சுதான் இருக்கு! வலது ஸ்பிரிங் நுனி தட்டுல இருக்க படியில முட்டி நிக்குது. இடதுல ரெண்டு இஞ்சு துண்டையே காணோம், ஒடிஞ்ச இடம் கூரா, துருவோட இருக்கு. படம் போட்டிருக்கேன். 30 மில்லி சொன்ன கடையில இதைப் பாக்கவே இல்ல.

பட்டறைக்காரர்_வண்ணார்பேட்டை

அந்தக் கூர் முனை ஸ்பேசர் மேல உக்காந்தா அதை அறுத்துட்டுப் போயிரும். இன்னும் கொஞ்சம் ஒடிஞ்சா டயரைக் கிழிக்கும். ஸ்பிரிங் மாத்துற வரைக்கும் வண்டியை நாங்குநேரி டோல் பக்கம் எல்லாம் கொண்டுபோய் விரட்டாதீங்க.

முன் ஸ்பிரிங் ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. உங்க சேசிஸ் நம்பர் கொடுத்து, அந்த வண்டிக்குன்னு வர்ற ஸ்பிரிங்கையே வாங்குங்க. இன்ஜினுக்கும் ஆப்ஷனுக்கும் தக்கன அது மாறும். பழைசு இத்தனை வருஷத்துல தளர்ந்திருக்கும், புதுசு போட்டதுமே வலதுலயும் நாலஞ்சு மில்லி ஏறினா ஆச்சரியம் இல்ல. அதுக்குப் பொறவு சரிவுல ஏத்திப் பாருங்க. உரசலைன்னா ஸ்பேசர் பேச்சே வேண்டாம்.

அப்பவும் உரசுதுன்னா 10 மில்லி. அதை எப்படிப் போடணும்னு இப்பவே சொல்லிருதேன்.

லேத்துல கடைஞ்ச தட்டையான வளையத்தை ஸ்பிரிங்குக்குக் கீழ வைக்காதீங்க. கீழ் தட்டுல ஸ்பிரிங் நுனி முட்டுறதுக்குப் படி இருக்கு. தட்டை வளையம் அந்தப் படியை மூடிரும், ஸ்பிரிங் ஒரே புள்ளியில ஏறி நிக்கும், திரும்பவும் ஒடியும். மேல் பேடுக்கும், ஸ்ட்ரட்டைப் பாடியில மாட்டுற டாப் மவுண்டுக்கும் நடுவுல தட்டையா இடம் இருந்தா அங்க வைக்கணும். பக்கவாட்டுல நகராம இருக்க உள்விட்டத்துல ஒரு உதடு விட்டுக் கடையணும். கெட்டி நைலான் எனக்குப் புடிக்கும். அலுமினியம் தப்பில்ல, ஆனா இரும்பு ஸ்பிரிங் நேரா அதுமேல படக் கூடாது. எதுவா இருந்தாலும் கம்பெனி ரப்பர் பேட் நடுவுல இருக்கணும், அதைத் தூக்கிட்டா வண்டிக்குள்ள கர்புர்னு சத்தம் வரும். டாப் மவுண்டுக்கும் பாடிக்கும் நடுவுல வைக்கிற ஸ்பேசர்னு ஒண்ணு விக்காங்க. ஸ்பிரிங்கைத் தொடாம போட்டுரலாம்ங்கது வாஸ்தவம். ஆனா ஸ்டட் நீளம் பத்தாம நட்டு பாதி மரையில நிக்கதை நான் பாத்திருக்கேன், அதனால எனக்கு அது வேண்டாம்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாத எடத்துல இந்த வேலையைக் கொடுக்காதீங்க. சக்கரம் தொங்கும்போதும் அந்த ஸ்பிரிங் அமுங்கித்தான் கெடக்கு, டாப் நட்டைக் கழட்டுனா ஆளை அடிக்கும். ஸ்பேசர் போட்டா அந்த அமுக்கம் இன்னும் 10 மில்லி கூடுது.

இது ஒண்ணை அநேகம் பேர் செய்யுததில்ல: கீழ்க்கையோட ரப்பர் புஷ் போல்ட்டைத் தளர்த்தி வச்சுட்டு, வண்டி சொந்தப் பாரத்துல தரையில நிக்கும்போது முறுக்கணும். லிஃப்ட்ல தொங்கும்போதே முறுக்குனா புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும். உயரமும் பொய்யாக் காட்டும், ஆறு மாசத்துல புஷ்ஷும் கிழியும்.

முடிஞ்சதும் அலைன்மென்ட் கட்டாயம். முன்னால ஒசத்துனா கேம்பர் வெளிப்பக்கம் போகும், அதாவது சக்கரத்தோட மேல்பக்கம் வெளிய சாயும். டோவும், அதாவது ரெண்டு சக்கரமும் முன்னால பாக்குற கோணமும், மாறும்.

பாளை டபிள்யூ124

ஹெட்லைட்டை விட்டுட்டீங்களே அண்ணாச்சி.

பட்டறைக்காரர்_வண்ணார்பேட்டை

ஆமா, அதையும் எழுதிருதேன். 2.5 மீட்டர் வீல்பேஸ்ல முன்னால 10 மில்லி ஒசந்தா, 10 மீட்டர் தூரத்துல வெளிச்சம் 4 சென்டிமீட்டர் மேல போயிரும். லோ பீம் அந்தத் தூரத்துல ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான் தாழ்ந்து நிக்கணும், அதுல 4 போனா எதிர்ல வாறவன் கண்ணு கூசி வைவான். தம்பி வண்டி ஸெனான்னா உயரத்தைப் பாக்குற சென்சார் சஸ்பென்ஷன்லயே மாட்டியிருக்கும், ஸ்கேனர் வச்சு அதுக்குப் புது ஜீரோ சொல்லிக் கொடுக்கணும். ஸ்குரூவைத் திருப்பி ஒப்பேத்தாதீங்க.

அம்பை ரோட்ஸ்டர்

சரி அண்ணாச்சி, ஸ்பிரிங்குக்கு ஆர்டர் போட்டுட்டேன். நடு வயிறுக்கு ஏதாவது வழி உண்டா? டயரை 225/45, 255/40-னு மாத்தினா?

பட்டறைக்காரர்_வண்ணார்பேட்டை

அது நல்ல வழிதான். முன்னால 11, பின்னால 13 மில்லி ஒசரும், வயிறும் சேந்து ஏறும், சஸ்பென்ஷன்ல கைவைக்க வேண்டாம். ஸ்பீடோமீட்டர் மூணு நாலு சதவீதம் கம்மியாக் காட்டும். ஆனா ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, ஒரு பக்கம் அமுக்கி, உள் ஃபெண்டர்ல டயர் தொடாதான்னு பாத்துட்டுத்தான் வாங்கணும். இருக்க டயர்ல பட்டன் மிச்சம் இருந்தா அவசரப்படாதீங்க.

புது ஸ்பிரிங் போட்டு ஒரு வாரம் ஓட்டுன பொறவு அதே களத்துல அளந்து நாலு நம்பரையும் இங்க போடுங்க. ஸ்பேசர் உண்டா இல்லையான்னு அப்ப சொல்லுதேன். மாத்துற இடத்துல பழைய டாப் நட்டையே திருப்பிப் போட்டாங்கன்னா ஒத்துக்காதீங்க, அது ஒரு தடவைதான் புடிக்கும்.