மறு: கிடார் டியூனிங்கை மாற்றுவதற்கு ‘சுருதி மாற்று’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கிடார் செயலியின் தமிழாக்கம் பற்றிக் குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் கீழே.

> செயலியில் மூன்று பொத்தான்கள் பாக்கி. டியூன் செய்வது, டியூனிங் வகை, ஒரு டியூனிங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. ‘சுருதி சேர்’, ‘சுருதி’, ‘சுருதி மாற்று’ என்று மூன்றையும் முடித்துவிடலாமா?

முதலாவதில் பிரச்சினையே இல்லை. தம்புராவோ வயலினோ, கையில் எடுத்தவர் எல்லோரும் ‘சுருதி சேர்க்கிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். அதை அப்படியே வைத்துவிடலாம். சிக்கல் மற்ற இரண்டில்தான்.

சுருதி என்றதும் நமக்குத் தோன்றுவது ஆதார ஷட்ஜம், அதாவது பாட்டு முழுக்க நிற்கும் ‘ஸ’. பாடுபவர் சுருதியை மாற்றச் சொன்னால் ஐந்து கட்டை (கட்டை என்பது அந்த ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கான அளவு) நாலரை ஆகும், அவ்வளவுதான். பாட்டு அப்படியே இருக்கும், மொத்தமாகக் கீழே இறங்கும். கிடாரிலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பல பதிவுகளில் ஆறு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கி வைத்து வாசித்திருக்கிறார். மூன்று கட்டையில் (மேற்கத்திய முறையில் இ) நிற்கும் ஆறாம் தந்தி இரண்டரைக்கு வரும், மற்ற ஐந்தும் அதே அளவு கூடவே இறங்கும். விரல் வைக்கும் இடம் எதுவும் மாறாது. இதைச் ‘சுருதி இறக்கம்’ என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது.

டிராப் டி என்ற டியூனிங் அப்படியல்ல. அதில் ஆறாம் தந்தி மட்டும் மூன்று கட்டையிலிருந்து இரண்டுக்கு (இ-யிலிருந்து டி-க்கு) இறங்குகிறது, அதாவது சுமார் 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4க்கு. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாலாம் தந்தி ஏற்கெனவே டி-யில் இருப்பதால், அதையும் ஆறாவதையும் சேர்த்து மீட்டிக்கொண்டே ஆறாவதின் முறுக்காணியைத் தளர்த்துவோம். இரண்டும் நெருங்க நெருங்க ஒலி ‘வவ்வவ்’ என்று துடிக்கும், துடிப்பு மெதுவாகி அடங்கினால் சேர்ந்துவிட்டது. பழகியவர்கள் கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டு அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் முதல் பலமான அடியிலேயே தந்தி நழுவிவிடும். இதற்குப் பிறகு அந்த ஒரு தந்தியில் மட்டும் எல்லாச் சுரங்களும் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்) தள்ளிப்போகும். ஐந்தாம் ஃப்ரெட்டில் இருந்த ஏ, ஏழாவதில் கிடைக்கும். ‘சுருதி மாற்று’ என்ற பொத்தானைப் பார்க்கும் புதிய மாணவர் ஆறு தந்திகளையும் சேர்த்து இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆக, இங்கே மாறுவது தந்திகளுக்கு இடையிலான உறவு. சரிகமவில் எழுதினால் இது பளிச்சென்று தெரியும். டி-யை ஸ என்று கொண்டால் டிராப் டி-யின் அடித்தந்திகள் மூன்றும் ஸ ப ஸ. ஒரே விரலைக் குறுக்கே வைத்தால் பவர் கார்டு (ஸ-வும் ப-வும் மட்டும் சேர்ந்த ஒலி) வந்துவிடுகிறது, ராக் வாசிப்பவர்களுக்கு அதன்மேல் அத்தனை ஆசை வந்ததற்குக் காரணம் இதுதான். டாட்காட் (DADGAD) என்ற டியூனிங் ஸ ப ஸ ம ப ஸ. ஓப்பன் ஜி என்ற டியூனிங்கில் ஜி-யை ஸ ஆக்கினால் ப ஸ ப ஸ க ப. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் இதில் அடித்தந்தியையே கழற்றிவிட்டு ஐந்து தந்தியில் ஸ ப ஸ க ப என்று வாசிப்பவர். வழக்கமான டியூனிங்கை இ-யிலிருந்து எண்ணிப் பாருங்கள்: ஸ ம நி க ப ஸ. வரிசைப்படுத்தினால் ஸ க ம ப நி, சுத்த தன்யாசி ராகம்! இது விவாதத்துக்குத் தேவையில்லாத தகவல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

> மத்திம சுருதி என்று சொல்கிறோமே? தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்திமத்துக்கு மாற்றுவதும் இதே வேலைதானே?

நல்ல கேள்வி. ஆனால் அங்கே மத்திமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடுகிறார்கள். புன்னாகவராளி, செஞ்சுருட்டி மாதிரி ராகங்களுக்கு அது வசதி. ஆதாரமே இடம் பெயர்வதால் அதைச் சுருதி என்று சொல்வது பொருந்துகிறது. டிராப் டி போட்டுவிட்டு அதற்கு முன் வாசித்த இ மைனர் பாட்டையே தொடர்ந்து வாசிக்கலாம், ஆதாரம் மாற வேண்டிய கட்டாயமே இல்லை.

> ‘பண்ணல்’ என்ற அருமையான சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் வரும் யாழின் எட்டுக் கலைத்தொழில்களில் முதலாவது பண்ணல். வாசிக்கப்போகும் பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை அமைத்துக்கொள்வது என்பது அதன் பொருள். பொருளளவில் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் பொத்தானில் ‘பண்ணல் மாற்று’ என்று போட்டால் பாதிப் பேர் பிழைத்திருத்தம் அனுப்புவார்கள். நாள் முழுக்க ‘டியூன் பண்ணு’ என்று சொல்கிற வாய்க்கு ‘பண்ணல் பண்ணு’ என்று வருமா? உதவிப்பக்கத்தில் ஒரு பத்தி எழுதி அங்கே இதைச் சொல்லலாம், பொத்தானில் வேண்டாம்.

‘தந்தியமைப்பு’ என்பதையும் சிலர் சொன்னார்கள். செட்டிங்ஸுக்கு ஏற்கெனவே ‘அமைப்புகள்’ என்று போட்டிருக்கிறோம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் வந்தால் விரல் தடுமாறும். ‘தந்திக்கட்டு’ இன்னும் மோசம், தந்தி கட்டுவது என்றால் புதுத் தந்தி மாட்டுவது.

என் பரிந்துரை ‘சேர்மானம்’. சுருதி ‘சேர்’ப்பதில் கிடைப்பது சேர்மானம், எனவே வேர் ஒன்றே. எது எதோடு என்ன அளவில் சேர்ந்திருக்கிறது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது, நாட்டு மருந்துக்கும் அந்தப் பொருளில்தான் சொல்கிறோம். வேதியியலில் இருப்பது ‘சேர்மம்’, இது வேறு. வழக்கமான சேர்மானம், திறந்த சேர்மானம், மாற்றுச் சேர்மானம் என்று எல்லாக் கூட்டிலும் உட்காருகிறது. பொத்தானுக்குச் ‘சேர்மானம் மாற்று’. டிராப் டி, டாட்காட் ஆகியவை பெயர்கள். அவற்றை மொழிபெயர்க்கவே கூடாது என்பேன், மேடையில் யாரும் ‘டி இறக்கம்’ என்று கத்தப்போவதில்லை.

முன்னால் ‘தந்தி’யை ஒட்டி ‘தந்திச் சேர்மானம்’ என்று நீட்டலாமா என்று யோசித்தேன். எலெக்ட்ரிக் கிடார் என்பதால் வேண்டாம் என்று தோன்றுகிறது. இங்கே தந்தியைத் தொடாமலே சேர்மானத்தை மாற்றும் வழிகளும் உண்டு. அவை ஏன் தேவைப்பட்டன என்று முதலில் சொல்கிறேன். ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும், அசையக்கூடிய பகுதி) உள்ள கிடாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தந்திகளின் இழுவைக்கும் பின்பக்கச் சுருள்வில்களின் இழுவைக்கும் நடுவே மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு தந்தியைத் தளர்த்தினால் வில் ஜெயித்து பிரிட்ஜைப் பின்னால் இழுக்கும், மற்ற ஐந்தும் மேலே ஏறிவிடும். போதாததற்கு நட்டில் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் கடக்கும் இடம்) தந்திகள் பூட்டப்பட்டிருக்கும், அந்தப் பூட்டைத் திறக்கும் ஆலன் கீ இல்லாமல் முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் ஆகிற காரியமா இது? அதனால்தான் இரண்டாவது கிடாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

இந்த அவதிக்கு வந்த தீர்வுகள் இரண்டு விதம். 2007இல் கிப்சன் கொண்டுவந்த ரோபோ கிடாரில் முறுக்காணிகளை மோட்டார் திருப்பும், தந்தி நிஜமாகவே இறங்கும். லைன் 6 வேரியாக்ஸ் போன்ற கிடார்களில் தந்தி அப்படியே இருக்கும். ஒவ்வொரு தந்தியின் ஒலியையும் தனித்தனியாக எடுத்துக் கணக்குப் போட்டு வேறு சேர்மானமாக வெளியே அனுப்பும். காதுக்கு டி, விரலுக்கு இ. ஆம்ப்ளிஃபையரின் சத்தம் குறைவாக இருந்தால் தந்தியின் நிஜ ஒலியும் மாற்றிய ஒலியும் சேர்ந்து கேட்டுக் குமட்டும். ‘சேர்மானம்’ இந்த இரண்டு விதத்துக்கும் பொருந்துகிறது. டிஜிடெக் டிராப் மாதிரியான பெடல் மட்டும் எல்லாவற்றையும் ஒரே அளவு இறக்குவதால் அது ‘சுருதி இறக்கம்’ பக்கம் போகட்டும்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. சேர்மானத்தை மாற்றியதும் திரையில் ‘6ஆம் தந்தியை இறக்கவும்’ என்று வருகிறது. தளர்த்துவதா, இறக்குவதா? கை செய்வது தளர்த்தல், காது கேட்பது இறக்கம். அம்புக்குறி கீழ்நோக்கி இருப்பதால் ‘இறக்கவும்’ என்பதையே வைத்திருக்கிறேன். கிடார் சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால், வகுப்பில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். கேப்போவை (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இந்த இழையில் இழுக்க வேண்டாம், அதற்குத் தனி மடல் போடுகிறேன்.