புதுப்பிப்பு: முன் டயர் ஓரத்தில் ரம்பப் பல் தேய்மானம் – காரணம் தெரிந்தது

7,000 கி.மீ. ஓடிய என் பைக்கின் முன் டயரின் இரண்டு ஓரமும் ரம்பப் பல் மாதிரி தேய்கிறது, வளைவில் ஹேண்டில் கனமாக இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"காலையில் வண்டியை எடுக்கும் முன் காற்றை அளந்து பாருங்கள்" என்ற யோசனைதான் சரியாக இருந்தது. நான் எப்போதும் 20 கி.மீ. ஓட்டிய பிறகு பெட்ரோல் பங்கில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைப்பேன். சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கும் என்பதை யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை, டயர் ஆறியிருக்கும்போது, சொந்த அளவியில் பார்த்தால் 28! காற்றுக் குறைவுதான் முதல் காரணம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் என் பழக்கம். வண்டியைச் சாய்த்த பிறகும் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். இப்போது நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, சாயச் சாயப் பிரேக்கை மெல்ல விடுகிறேன். அப்புறம் ஆக்ஸிலேட்டரைச் சீராகத் திறக்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதையே செய்தேன், ஹேண்டில் லேசாகத் திரும்பியது.

புது டயரில் 4,000 கி.மீ. ஆகிவிட்டது, ரம்பப் பல் இல்லை. எதிர்பாராத ஒன்று: வலது ஓரம் சற்றே அதிகம் தேய்ந்திருக்கிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் வலது வளைவுகளில் வெளிவட்டத்தில், நீண்ட தூரம் சாய்ந்தே போகிறோம். அதனால் இது இயல்புதான்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போய்க் காற்றைக் குறைப்பவர்கள், வீடு திரும்பும் முன் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.