இன்ஃபில்ட்ரேஷன்: ஊடுருவலா, சுவறலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல் மருத்துவத்தில், பல்லருகே ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் 'இன்ஃபில்ட்ரேஷன் அனஸ்தீசியா'வுக்குத் தமிழில் 'ஊடுருவல் மயக்கம்' என்று சொல்லலாம் என, இந்தக் கலைச்சொல் இழையில் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. பல் வைத்தியம் பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில், அதன் இரண்டு பாதியோடும் எனக்குச் சண்டை.

'மயக்கம்' வழக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார். தமிழ்நாட்டில் 'மரத்துப்போற ஊசி' என்கிறார்கள், இலங்கையில் 'விறைப்பு ஊசி' என்பார்கள். இரண்டுமே நல்ல சொற்கள். இப்போதைக்கு 'மரப்பு' என்று வைத்துக்கொள்கிறேன்.

'ஊடுருவல்'தான் இடிக்கிறது. புற்றுநோய்ச் செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் புகுவதற்கு அது கச்சிதமான சொல். ஆனால் மேல்தாடைப் பல்லுக்கு ஊசி போடும்போது நடப்பது வேறு. வேர்நுனிக்கு நேராக, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வான எலும்புறைக்கு வெளியே, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். ஊசி எலும்பைத் துளைப்பதே இல்லை. மருந்து தானாக எலும்புறையைக் கடந்து, மெல்லிய வெளி எலும்பின் நுண்துளைகள் வழியே பஞ்செலும்புக்குள் இறங்கி, வேர்நுனியில் நுழையும் நரம்பு இழைகளைத் தொடுகிறது. அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். காய்ந்த மண்ணில் ஊற்றிய தண்ணீரை என்ன சொல்வோம்? 'சுவறிவிட்டது' என்போம். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே: சுவறல் மரப்பு.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. மண்ணுக்கு மண் சுவறுவது மாறும், எலும்பும் அப்படித்தான். கீழ்க் கடைவாய்ப்பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பு தடித்து இறுகியது. களிமண் தரை மாதிரி, மேலே விட்ட மருந்து எளிதில் இறங்காது. அதனால்தான் அங்கே நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் வாசலுக்கு அருகிலேயே மருந்தை வைக்கிறோம். வாய்க்காலைத் தலைமடையில் மறித்த கதை. பாதிக் கீழுதடு மரத்துவிட்டதா என்று கேட்பது மடை அடைபட்டதா என்று பார்க்கத்தான். இந்த முறைக்குப் பெயர் 'நெர்வ் பிளாக்'. அதற்கு 'நரம்பு மறிப்பு' என்று வைத்தால் இரண்டும் ஜோடியாக நிற்கும். மேல்தாடையிலும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை: முதல் கடைவாய்ப்பல்லுக்கு மேலே கன்ன எலும்பின் அடி தடித்திருந்தால் மருந்து சரியாக இறங்காது. மரக்கச் செய்யும் மருந்துகளில், கீழ்த்தாடையில் லிக்னோகைனைவிட ஆர்டிகைன் நன்றாகச் சுவறும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதி.

'அப்படியானால் டிஃப்யூஷனுக்கு என்ன சொல்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வேதியியலில் 'விரவல்' இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்வது விரவல். இந்த இடத்தில், இந்த எலும்பு வழியே மருந்தை இறங்கவிட்டு மரக்கச் செய்யும் முறை சுவறல் மரப்பு. ஒன்று இயற்பியல், மற்றது சிகிச்சை முறை.

சுவறலையும் மரப்பையும் ஒட்டி ஒரே சொல்லாக்கும் யோசனையும் எனக்கு உவப்பில்லை, ஏனென்றால் சுவறியும் மரக்காமல் போவதுண்டு. லிக்னோகைனில் மின்னேற்றமில்லாத வடிவம்தான் நரம்பின் சவ்வைக் கடக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு உடலில் வழக்கமாக 7.4; அப்போது அந்த வடிவம் ஏறக்குறைய கால் பங்கு. சீழ் பிடித்துத் திசு அமிலமாகி 6 வரை இறங்கினால் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 'ரெண்டு ஊசி போட்டும் வலிக்குது டாக்டர்' என்று நோயாளி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்வாதங்களும் எனக்குத் தெரிகின்றன. அகராதியில் 'சுவறு'வுக்கு வற்றுதல் என்ற பொருளும் இருக்கிறது. அப்புறம், அவசரமாகப் படித்தால் 'சுவர்' என்று கண் ஏமாறும். முதலாவது பெரிய தொல்லையில்லை. மண்ணில் இறங்கிய தண்ணீரும் பார்வைக்கு வற்றியதுதானே. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. 'ஊறல்' எளிமையானது, ஆனால் அது ஊறுகாய் ஜாடியை நினைவூட்டுகிறது.

ஒரு சிக்கல் பாக்கி. பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலான நாரில் அழுத்திப் போடும் ஊசி ஒன்று உண்டு. பெயர்தான் நார் ஊசி. மருந்து பெரும்பாலும் குழியின் சுவரிலுள்ள துளைகள் வழியாகப் பஞ்செலும்புக்குள்தான் போகிறது. அதையும் சுவறலில் சேர்ப்பதா, 'அழுத்து சுவறல்' என்று பிரிப்பதா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.