சிம்பாலிக் பொசஷனில் ஏலத்துக்கு வந்த ஃபிளாட்: எடுக்கலாமா, விடலாமா?

தாம்பரத்தான்:
முடிச்சூர் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வங்கி ஏலத்துக்கு வந்திருக்கிறது. பாங்க்நெட் தளத்தில் பார்த்தேன். ரிசர்வ் விலை (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) 38 லட்சம், இ.எம்.டி. (ஏலம் கேட்க முன்கூட்டியே கட்டும் தொகை) 3.8 லட்சம். அதே தெருவில் அதே அளவு ஃபிளாட் 52 லட்சத்துக்குக் கீழே கிடைக்கவில்லை. ஆனால் நோட்டீஸில் 'சிம்பாலிக் பொசஷன்', அதாவது வங்கிக்குக் காகிதத்தில் மட்டும் சுவாதீனம், என்று போட்டிருக்கிறார்கள். கடன் வாங்கியவர் குடும்பம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. என்னிடம் 12 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன் போட வேண்டும். இப்போது 14 ஆயிரம் வாடகை கொடுக்கிறோம். வீட்டில் ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_சரவணன்:
தைரியமாக எடுங்கள் நண்பரே. நான் ஏலத்தில் வீடு வாங்கிக் குடியிருப்பவன், ஏலத்தில் எடுத்த நண்பர்களும் இருக்கிறார்கள். சிம்பாலிக் என்ற சொல்லைப் பார்த்தாலே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள், போட்டி குறைகிறது. அதனால்தான் 14 லட்சம் வித்தியாசம் நிற்கிறது. சாவி கையில் இருக்கிற வீடாக இருந்தால் ஏலத்தில் 50 வரை ஏறியிருக்கும். சட்டமும் வாங்குபவர் பக்கம்தான். பேருக்குச் சுவாதீனம் எடுத்த நிலையில் விற்றாலும், விற்பனை முடிந்த பிறகு கூட வங்கி சர்ஃபேசி சட்டத்தின் (வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 14ஆவது பிரிவில் மனுப்போட்டு வீட்டைக் காலி செய்து தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு கோவா ஹோட்டல் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வக்கீல்_கீதா:
சரவணன் சார் சொன்ன தீர்ப்பு சரி. மனுப்போடலாம். போடுவார்களா என்பதுதான் என் கேள்வி. ஏலம் முடிந்து முழுப் பணமும் வந்த நாளோடு அந்தக் கணக்கு வங்கிக்குத் தீர்ந்துவிடும். அதிகாரி அடுத்த வாராக் கடனுக்குப் போய்விடுவார், இல்லையென்றால் மாற்றலாகிப் போய்விடுவார். நான் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் (டி.ஆர்.டி.) வழக்கு நடத்துகிறவள். வாங்கியவர்கள் விற்பனைச் சான்றிதழை வைத்துக்கொண்டு கிளைக்கும் கோர்ட்டுக்கும் அலைவதை அங்கே வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம் என்பதால் 14ஆவது பிரிவு மனு கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ போகும். 30 நாளில் உத்தரவு, காரணம் எழுதி நீட்டித்தால் மொத்தம் 60 நாள் என்பது சட்டம். நடப்பு அப்படி இல்லை. உத்தரவு வந்த பிறகும் போலீஸ் பாதுகாப்புக்குத் தேதி கிடைக்க வேண்டும், உள்ளே வயதானவரோ நோயாளியோ இருந்தால் அவகாசம் கேட்பார்கள். இதற்கிடையில் கடன்காரர் 17ஆவது பிரிவில் டி.ஆர்.டி.க்குப் போவார். வங்கியின் நடவடிக்கை நடந்த 45 நாளுக்குள் போக அவருக்கு உரிமை உண்டு. தாம்பரத்தான் சார், சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் இதைத் தொடவே கூடாது.

கோவை_சரவணன்:
மேடம், தாமதத்தை நான் மறுக்கவில்லை. அதற்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் இழுத்தது என்றே வைப்போம். 14 ஆயிரம் வாடகை 24 மாதத்துக்கு 3.36 லட்சம். வக்கீல் செலவு, அலைச்சல் எல்லாம் சேர்த்து 5 லட்சம் என்று தாராளமாகப் போட்டாலும் 9 லட்சம் மிச்சம். லோன் வட்டி எந்த வீடு வாங்கினாலும் உண்டு, அதை இதில் சேர்க்க முடியாது.

வக்கீல்_கீதா:
மொத்தத் தொகைக்கு உங்கள் கணக்கு சரி. மாதக் கணக்கைப் பாருங்கள். 28.5 லட்சம் லோனுக்கு 20 வருடத் தவணை சுமார் 25 ஆயிரம், அதோடு வாடகை 14 ஆயிரம். மாதம் 39 ஆயிரம், முடிவு தேதி தெரியாமல். ஒன்பது லட்சம் மிச்சமாகும் வரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? ஆள் உள்ளே இருக்கிற வீட்டுக்கு லோன் கொடுக்கவே பல வங்கிகள் தயங்கும்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. ஏலம் உங்கள் பேரில் முடிந்தால், இ.எம்.டி.யையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ கட்ட வேண்டும். 38 லட்சத்துக்கு அது 9.5 லட்சம். மீதி 75 சதவீதம், விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். லோன் வரவில்லை என்றால் கட்டிய 25 சதவீதமும் போய்விடும். அந்தத் தொகையை வங்கி முழுவதுமாக எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 லட்சத்தில் 9.5 லட்சத்தை லோன் உறுதியாகாமல் வைப்பதுதான் எனக்குப் பயம். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் எங்கே போவார்?

நெல்லை_ஆறுமுகம்:
நீங்கள் இரண்டு பேரும் பணத்தையே பேசுகிறீர்கள். உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போகும். அவர்களை போலீஸை வைத்து வெளியே தள்ளி, அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடியேற மனசு வருமா தம்பி? அழுதுகொண்டு விட்டுப் போன வீடு நிலைக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

கோவை_சரவணன்:
ஆறுமுகம் அண்ணா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் இவர் வாங்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வீடு திரும்பிவிடுமா? 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, பிறகு கதவில் ஒட்டி, இரண்டு பத்திரிகையில் போட்டு, அதற்கப்புறம்தான் ஏலம். ஏலம் அதிக விலைக்குப் போனால் கடன் போக மிஞ்சியது அவர்களுக்குத்தான் சேரும், சட்டத்திலேயே இருக்கிறது. ஏலம் கேட்க ஆளே வராமல் போவதுதான் அவர்களுக்குப் பெரிய நஷ்டம்.

நஸீமா_திருச்சி:
மிச்சம் திரும்பும் என்பது காகிதத்தில் சரி, சரவணன் அண்ணா. முதல் ஏலத்தில் யாரும் கேட்காவிட்டால் ரிசர்வ் விலையைக் குறைத்து மறுபடி விடுவார்கள். வட்டியும் அபராத வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியில் வீடும் போய், பாக்கிக் கடனுக்கு வங்கி தீர்ப்பாயத்துக்கும் போகலாம். எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் அப்படித்தான் நின்றது. சர்ஃபேசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்க உரிமை. அதையே 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பத்திரிகையில் வந்த பிறகு ஓடி ஓடிப் பணம் புரட்டுகிற குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. வாங்குபவரை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் "சட்டமே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லாதீர்கள்.

தாம்பரத்தான் அண்ணா, ஏலத்துக்கு முன்னால் அந்தக் குடும்பத்தை மரியாதையாக ஒரு முறை பார்த்துப் பேசுங்கள். எப்போது காலி செய்வார்கள், கேஸ் போட்டிருக்கிறார்களா என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

கோவை_சரவணன்:
இதை முழுக்க ஏற்கிறேன் நஸீமா. எனக்குத் தெரிந்து சுமுகமாக முடிந்தவை எல்லாம் அப்படிப் பேசி முடிந்தவைதான். வீடு மாற்றும் செலவுக்கும் புது வாடகை அட்வான்ஸுக்கும் கொஞ்சம் கொடுத்தால் கோர்ட்டுக்கே போக வேண்டாம். அதனால்தான் சிம்பாலிக் என்றதும் ஓடாதீர்கள் என்கிறேன்.

வக்கீல்_கீதா:
பேசுவது நல்லதுதான். ஆனால் விற்பனைச் சான்றிதழ் கையில் வருமுன் அந்தக் குடும்பத்திடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏலம் வேறொருவர் பேருக்குப் போனாலோ டி.ஆர்.டி. தடை கொடுத்தாலோ அது திரும்பாது. உள்ளே இருப்பது உரிமையாளரா, வாடகைதாரரா என்பதையும் கேளுங்கள். அடமானத்துக்கு முந்தைய வாடகை ஒப்பந்தம் இருந்தால் கதையே வேறு.

'உள்ளது உள்ளபடி' என்ற வரியை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. மின் கட்டணப் பாக்கி, சொத்து வரி, அசோசியேஷன் மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் உங்கள் தலையில் வரலாம். பழைய உரிமையாளரின் மின் பாக்கியை ஏலத்தில் எடுத்தவரிடம் கேட்க முடியும் என்று 2023 மே மாதம், கேரளா மின் வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நெல்லை_ஆறுமுகம்:
பேசி, அவர்கள் சம்மதத்தோடு போகிறார்கள் என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அப்படி இல்லாமல் என்றால் நான் சொன்னது சொன்னதுதான்.

தாம்பரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. இன்று வங்கியின் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். 14ஆவது பிரிவு மனு இன்னும் போடவே இல்லை என்கிறார். இத்தனை மாதத்தில் காலி செய்து தருவோம் என்று எழுத்தில் கேட்டேன், முடியாது என்றுவிட்டார். அதனால் இந்த ஃபிளாட்டை விட்டுவிடுகிறோம். அதே தளத்தில் ஊரப்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது. பிசிக்கல் பொசஷன், அதாவது வீடே வங்கியின் கையில். ரிசர்வ் 44 லட்சம். விலை கூடத்தான், ஆனால் வீட்டில் எல்லோரும் சம்மதம். ஈ.சி. (வில்லங்கச் சான்று) எடுத்துவிட்டேன், வங்கி அடமானம் மட்டும்தான் தெரிகிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

கோவை_சரவணன்:
நீங்கள் 6 லட்சம் அதிகம் கொடுத்து நிம்மதி வாங்குகிறீர்கள். நான் அதைச் செய்ய மாட்டேன், ஆனால் உங்கள் நிலைமை வேறு. 44 என்றால் 25 சதவீதம் 11 லட்சம், கையில் ஒரு லட்சம்தான் நிற்கும். ஏலத்துக்கு முன்பே லோன் அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

வக்கீல்_கீதா:
பிசிக்கல் பொசஷன் என்று எழுதியிருந்தால் போதாது. ஏலத்துக்கு முன் பார்வையிடத் தேதி கொடுத்திருப்பார்கள், அன்று அதிகாரியைப் பூட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி அவரிடம் இல்லையென்றால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். டி.ஆர்.டி. இணையதளத்தில் கடன்காரர் பேரைப் போட்டு வழக்கு நிலையைத் தேடுங்கள். கட்டட அனுமதி வரைபடத்தையும் யு.டி.எஸ். (ஃபிளாட்டுக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு) அளவையும் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். தாய்ப்பத்திரம் மூலம் வங்கியிடம் இருக்கிறதா, விற்பனைச் சான்றிதழோடு அதையும் தருவார்களா என்பதை மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.