கடைவாய்ப்பல் எடுத்து நாலாவது நாள், வலி குறையாமல் ஏறுகிறது. பொறுத்துக்கொள்ளலாமா?

தாம்பரம்_லோக்கல்:

மணி ராத்திரி 2.40. தூக்கம் வரவில்லை, வலது கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 36. வியாழக்கிழமை சாயங்காலம் கீழ் வலது கடைசிப் பல்லை எடுத்தார்கள். பாதிக்கு மேல் சொத்தையில் கரைந்துபோன பல், வேர் சிகிச்சை செய்கிறேன் செய்கிறேன் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டது என் தப்புதான்.

ஊசி போட்டதும் உதடு தடித்து யாருடைய உதடோ போல ஆகிவிட்டது. "அழுத்தம் தெரியும், வலி தெரியாது" என்றார் டாக்டர், அப்படித்தான் இருந்தது, கடைசியில் காதுக்குள்ளேயே 'நொறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அது மட்டும் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை பரவாயில்லை. சனிக்கிழமை ஆபீஸ் கூடப் போனேன். சனி ராத்திரிதான் ஆரம்பித்தது, பல் இருந்த இடத்தில் யாரோ உட்கார்ந்து குடைவதுபோல, அங்கிருந்து காதுக்கு, காதிலிருந்து நெற்றிப்பொட்டுக்கு. சொத்தைப்பல் இருந்தபோதே இவ்வளவு வலித்ததில்லை. வாய் நாறுகிறது, பல் தேய்த்தாலும் போகவில்லை. மொபைல் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன், குழி காலியாக இருக்கிறது, அடியில் வெளுப்பாக ஏதோ தெரிகிறது. சீழா அது?

நேற்று காலையிலிருந்து டோலோ 650 நாலு, அது கேட்காமல் வீட்டில் கிடந்த காம்பிஃப்ளாம் மூன்று போட்டாயிற்று. அதுவும் இரண்டு மணி நேரம்தான் தாங்குகிறது. மாமியார் கிராம்பை நசுக்கிக் குழிக்குள் வைக்கச் சொல்கிறார். மனைவி, பல் எடுத்தால் ஒரு வாரம் வலிக்கத்தானே செய்யும் என்கிறாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளி ராத்திரி இரண்டு சிகரெட் பிடித்துவிட்டேன். டாக்டரிடம் திரும்பப் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அதனாலேயே கால் எழமாட்டேன் என்கிறது.

---

நைட்ஷிப்ட்_குமாரு:

நானும் முழித்துத்தான் இருக்கிறேன் பாஸ், ஆனால் எனக்குச் சம்பளம் வருகிறது.

நீங்கள் சொல்வதைப் படிக்கப் படிக்க என் தாடையே ஒருமுறை விண்ணென்றது. எனக்கும் இதே கீழ்ப்பல், இதே மூன்றாம் நாள், காது வரை வலி. காது வலி என்றே நினைத்துக்கொண்டு சொட்டு மருந்து வாங்கி விட்டவன் நான், சிரிக்காதீர்கள். இதற்கு ட்ரை சாக்கெட் என்று பெயர். பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல நிற்க வேண்டும், அது விலகிப்போனாலோ கரைந்துபோனாலோ அடியில் இருக்கும் எலும்பு வெட்டவெளியில் நிற்கும். காற்று பட்டாலும் வலி, தண்ணீர் பட்டாலும் வலி.

ஆம்பிளை, இதைக்கூடத் தாங்க மாட்டாயா என்று வீட்டில் கேட்டதால் நாலு நாள் தாங்கினேன். வாழ்க்கையில் நான் வீணாக்கிய நாலு நாள் அது. கடைசியில் போனபோது டாக்டர் ஊசி போடும் சிரிஞ்சில் உப்புநீரை எடுத்துக் குழியைப் பீய்ச்சிக் கழுவினார், உள்ளேயிருந்து ஒரு சோற்றுப் பருக்கையும் ஒரு தாளிப்புக் கடுகும் வந்து விழுந்தன. பிறகு பழுப்பு மருந்து தோய்த்த சின்னத் துணி நாடாவைக் குழிக்குள் மடித்து மடித்துச் செருகினார். அறை முழுக்கப் பிரியாணி வாசனை! பத்து நிமிஷம் ஆகியிருக்காது, வலி அப்படியே இறங்கியது, வீட்டுக்குப் போகும் ஆட்டோவிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மூன்று தடவை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

விடிந்ததும் கிளம்புங்கள். சிகரெட்டைப் பற்றிக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், பத்து வினாடித் திட்டு.

---

வேப்பங்குச்சி:

இதுக்குப் போய் டாக்டரா. எங்கள் தாத்தா பல்லை அவரே நூல் கட்டிப் பிடுங்குவார், கல் உப்பை அமுக்கி வைப்பார், மேலே ஒரு துண்டுப் புகையிலை, மறுநாள் வயலுக்குப் போய்விடுவார். கிராம்பு வைக்கச் சொன்ன மாமியார் சொல்வதுதான் சரி. ஒரு மூடி பிராந்தியில் வாய் கொப்புளித்தாலும் கேட்கும். கீழ்ப்பல்லாய்ப் போனது உங்கள் அதிர்ஷ்டம், மேல்பல் என்றால் கண் பார்வைக்கே ஆபத்து.

---

பல்லும்_சொல்லும்:

நான் பல் மருத்துவர், பன்னிரண்டு வருடமாக இதே வேலை. வாயைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாது, இருந்தாலும் மூன்றாம் நாள் வலி ஏறுவது, காதுக்குப் பரவுவது, நாற்றம், காலிக் குழி என்று நீங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் குமாரு சொன்னதாகத்தான் இருக்கும்.

முதலில் மாத்திரை, ஏனென்றால் அதுதான் இந்த நிமிஷத்து அவசரம். டோலோ ஒன்றில் பாரசிட்டமால் 650 மி.கி., நாலு என்றால் 2600. காம்பிஃப்ளாமில் இப்யூபுரோஃபென் 400, கூடவே பாரசிட்டமால் 325 இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை, மூன்று என்றால் 975. ஆக 3575 ஆகிவிட்டது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000 தாண்டக்கூடாது. இன்னும் ஒரு டோலோ போட்டால் 4225. அதனால் அடுத்த டோலோவைத் தொடாதீர்கள், விடியும்வரை வெறும் இப்யூபுரோஃபென் போடலாமா என்றால் அதிலும் இன்றைக்கு 1200 போயிருக்கிறது, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இதில் ஏதாவது இருந்தால் அதைத் தொடவே கூடாது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள், படுக்கையில் தட்டையாகப் படுத்தால் விண்விண் என்று தெறிப்பது கூடும். காலையில் டாக்டரிடம் எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று இதே கணக்கைச் சொல்லுங்கள்.

வெளுப்பாகத் தெரிவதெல்லாம் சீழ் அல்ல. ஆறுகிற புண்ணின் மேல் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு படலம் வரும், அது நல்லது, அதைச் சுரண்டிவிட்டுப் பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் வலியையும் சேர்த்துப் பார்த்தால் எலும்பாக இருக்கலாம். குச்சி, விரல் எதுவும் உள்ளே போக வேண்டாம்.

சாதாரண வலி முதல் இரண்டு மூன்று நாள் இருக்கும், வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், ஆனால் வலி ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சமாவது குறைய வேண்டும். குறைந்துவிட்டு மறுபடி ஏறினால் அது பொறுத்துக்கொள்கிற வலி இல்லை. சிகரெட் ஒரு காரணமாக இருக்கலாம், ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, காறித் துப்புவது எல்லாம் குழியில் உறைந்து நிற்கும் ரத்தத்தை இழுத்துவிடும். எதுவுமே செய்யாதவர்களுக்கும் வருகிறது, கீழ்த்தாடைக் கடைசிப் பற்களில் அதிகம். அதனால் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதுபோல வர வேண்டாம்.

வேப்பங்குச்சி சார், கிராம்பில் பாதி உண்மை இருக்கிறது. நாங்கள் குழிக்குள் வைக்கிற மருந்தில் இருக்கும் யூஜினால் கிராம்பு எண்ணெயில் இருப்பதேதான், பிரியாணி வாசனை அதனால்தான் வந்தது. ஆனால் கழுவாத குழிக்குள் நசுக்கிய கிராம்பை அடைத்தால் தூள் உள்ளே தங்கும், எண்ணெயை நேராக விட்டால் ஈறு வெந்துபோகும். பிராந்தியும் புகையிலையும் புண்ணைக் கிளறத்தான் செய்யும். மெட்ரோனிடசோல் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் மதுவைத் தொடவே கூடாது. அப்புறம் அந்தக் கண் விஷயம், பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. மேல்பல் எடுத்து ஒருவருக்கும் பார்வை போனதை நான் பார்த்ததில்லை, இந்தப் பயத்தால் சொத்தையை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு முகம் வீங்கி வருபவர்களைத்தான் பார்க்கிறேன்.

காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமல் போவது, விழுங்கக் கஷ்டம், தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம், இதில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள், இப்போதே பெரிய மருத்துவமனை. மூச்சுக்கே ஆபத்தாகலாம்.

---

வேப்பங்குச்சி:

சரி டாக்டர், கண் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தாத்தா விஷயத்தை வாங்க மாட்டேன். (அவருக்கு ஐம்பது வயதில் ஒரு பல்லும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.)

---

மொட்டைமாடி_அக்கா:

தம்பி, டாக்டர் சொல்லாததை நான் சொல்கிறேன், சாப்பாடு. வலி என்று பட்டினி கிடந்து வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் வயிறு எரியும். இட்லியைப் பாலில் ஊறவைத்துக் குழைத்து இடது பக்கமாகவே விழுங்குங்கள். தயிர்சாதம் குழைய மசித்து, தாளிக்காமல். கடுகு அந்தக் குழிக்காகவே பிறந்தது, குமாரு தம்பிக்குத் தெரியும். ராகிக் கூழ் ஆறவைத்து, மிளகாய் வேண்டாம், ரசத்தில் மிளகும் வேண்டாம். எள்ளுருண்டை, முறுக்கு, பொரி பக்கமே போகாதீர்கள். இளநீர் குடிக்கலாம், டம்ளரில் ஊற்றி.

உப்புத் தண்ணீர் என்றதும் என் வீட்டுக்காரர் குழாயடியில் முழங்குவதுபோலக் கொப்புளிப்பார். அப்படி இல்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு, வாயில் வைத்துத் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, துப்பாமல் வாயைத் திறந்து தானாக வழிய விட வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

பல் எடுத்த டாக்டரிடம் போக வெட்கமாக இருந்தால் மின்சார ரயிலைப் பிடித்துக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள், எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும், கூட்டம் இருக்கும், செலவு இருக்காது. என் பையனுக்கு ஞானப்பல் அங்கேதான் எடுத்தோம்.

---

தாம்பரம்_லோக்கல்:

எல்லோருக்கும் நன்றி. டோலோவைத் தொடவில்லை, இரண்டு தலையணையில் சாய்ந்து எப்படியோ நாலரை மணிக்குக் கண்ணசந்தேன். ஒன்பது மணிக்குப் பல் எடுத்த டாக்டரிடமே போய்விட்டேன், கிளினிக் கதவு திறக்கும்போது வாசலில் நான்தான் முதல் ஆள். சிகரெட் கேள்வியே வரவில்லை! நானாகத்தான் சொன்னேன், அவர் "தெரியும், விரல்ல வாசனை வருது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ட்ரை சாக்கெட்டேதான். கழுவும்போது ஒரு நிமிஷம் நாற்காலியின் கையைப் பிடித்து இறுக்கினேன், அது பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. மருந்து வைத்தபின் காதில் இருந்த வலிதான் முதலில் போனது, கடைசியாகத் தாடை. குமாருவுக்குப் பத்து நிமிஷம், எனக்கு அரைமணி ஆயிற்று. ஆன்டிபயாடிக் கேட்டேன், காய்ச்சலும் வீக்கமும் இல்லாததால் தேவையில்லை என்றார். புதன்கிழமை மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கிராம்புதானே வெச்சிருக்காங்க" என்றார். மதியம் முழுக்க அதே பேச்சு.