அலாஸ்கா கப்பல்: பெரியவர்களோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

போன ஜூன் கடைசியில் நாங்கள் ஆறு பேர் சியாட்டிலில் கப்பல் ஏறி, ஏழு நாள் அலாஸ்கா சுற்றிவிட்டு வந்தோம். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 68. அப்புறம் நானும் மனைவியும், பதினான்கு வயதில் மகள், ஒன்பதில் மகன். கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, திரும்பும்போது விக்டோரியா. "பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். போய் வந்த மற்றவர்களும் உங்கள் கதையைப் போடுங்கள்.

விசாவை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் வழுக்கி விழ இருந்த இடம் அது. சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்குகிறோம், அலாஸ்காவும் அமெரிக்காதானே, இதில் கனடா எங்கே வந்தது என்றிருந்தேன். 1886-ல் போட்ட சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்காவில் ஏற்றிய ஆளை அமெரிக்காவையே சுற்றிக் காட்டி இறக்க வேண்டுமென்றால், நடுவில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். இந்தப் பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று எங்கெங்கோ பதிவானவை. அதற்காகத்தான் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் ஒப்புக்குச் சில மணி நேரம் நிற்கிறது. நிற்பது ஒப்புக்கு, கேட்கிற விசா நிஜம். எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது, பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் டூரிஸ்ட் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்குக் கனடா விசா எடுத்தே ஆக வேண்டியிருந்தது. "நாங்க இறங்கவே மாட்டோம், ரூம்லயே இருந்துக்கிறோம்" என்பதெல்லாம் எடுபடாது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்னேயே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

அறையில் ஒரு தப்புச் செய்தேன். காட்சி நன்றாக இருக்கும் என்று மேல் தளத்தில், கப்பலின் முன்பக்கமாக எடுத்தேன். 'உள்வழிப் பாதை' என்ற பெயரைக் கேட்டு, தீவுகளுக்கு நடுவே குளத்தில் போவதுபோலப் போகும் என்று நினைப்பு. ஆனால் எங்கள் கப்பல் வான்கூவர் தீவின் வெளிப்பக்கமாகப் போனது. அங்கே நடுவில் மறிக்க ஒன்றுமில்லை, திறந்த பசிபிக். முதல் ராத்திரி அலமாரிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது. அம்மா படுத்தவள் மறுநாள் மதியம்வரை எழவில்லை. "வீட்டைத் தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்குடா" என்றாள். அறை துடைக்க வந்தவர் பச்சை ஆப்பிளும் இஞ்சி மிட்டாயும் கொண்டுவந்து தந்தார். அம்மா தன் பையிலிருந்து சுக்குப் பொடியை எடுத்து வெந்நீரில் போட்டாள். எது வேலை செய்தது என்று தெரியாது, சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் எடுத்தால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில்தான் அந்தப் பையனைப் பார்த்தோம். தட்டு எடுக்க வந்தவன் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டான். அம்மா விடவில்லை. "எய்யா, நீ எந்த ஊரு?" தூத்துக்குடிப் பக்கமாம். எங்களுக்குப் பாளையங்கோட்டை. அவ்வளவுதான், அப்பா வேலை பார்த்த ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. மறுநாளிலிருந்து நாங்கள் கேட்காமலேயே ஒரு கிண்ணம் தயிர்சாதம், கடுகு தாளித்து. முந்தின ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் இந்தியச் சமையல் தனியாகச் செய்து தருவார்கள் என்பதும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று வருடமாக இந்தத் தடத்தில் ஓடுகிறானாம். "பனிமலை பாத்து அலுத்துப்போயிருக்குமே" என்று அப்பா கேட்டார். "எங்க பாக்க, அப்பா? அந்த நேரம்தான மத்தியானச் சாப்பாடு" என்றான்.

கெச்சிக்கனில் மழை. அங்கே ஆண்டுக்குச் சுமார் 150 அங்குலம் பெய்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை 'திரவ வெயில்' என்று கேலியாகச் சொல்கிறார்கள். குடை பிடித்தவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், அது உடனே தெரிந்துவிடும். ஓடைக்கு மேலே மரக்கால் நட்டுக் கட்டிய பழைய தெருவில் பிள்ளைகள் போனார்கள். அப்பாவும் நானும் மரத்தூண்களைப் பார்க்கப் போனோம். முழு தேவதாரு மரத்தில் அண்டங்காக்கை, கழுகு, கரடி என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். அப்பா கொடிமரத்தைப் பார்த்ததுபோலக் கையைக் கூப்பப் போனார். கூட்டிப்போனவர் டிலிங்கிட் என்ற உள்ளூர்ப் பழங்குடிப் பெண்மணி. சிரித்துக்கொண்டே, இது சாமி இல்லை, எங்கள் குடும்பக் கதை என்றார். அவர்கள் காக்கைக் கூட்டம், கழுகுக் கூட்டம் என்று இரண்டு பிரிவாம். காக்கையில் பிறந்தவர் கழுகில்தான் கட்ட வேண்டும். பிள்ளைகள் அம்மா வழிப் பிரிவைச் சேர்வார்கள். அப்பா என் காதில், "ஒரே கோத்திரத்துல கட்டக்கூடாது, அவ்வளவுதான? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். ஆனால் பயணம் முழுக்க அவர் அதிகம் பேசியது அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

ஜூனோ மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானம் அல்லது கப்பல். மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்க 1962-ல் கட்டிய மையத்தில் நின்று பார்த்தால் இப்போது பனி ஒரு மைலுக்கும் அப்பால் இருக்கிறது. திமிங்கிலப் படகில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஆறேழு பார்த்தோம். நூறு கஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் இன்ஜினை அடக்கிவிட்டு நின்றார்கள். வாலின் அடிப்பக்க வெள்ளை கறுப்புத் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வேறாம், நம் கைரேகை மாதிரி. அதை வைத்துத்தான் குளிர்காலத்தில் ஹவாயில் பார்த்ததையும் கோடையில் இங்கே பார்த்ததையும் ஒன்றென்று சொல்கிறார்கள். புகைப்படத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன்: அது மூச்சு விட்டபோது காற்று எங்கள் பக்கம் அடித்தது. அம்மா முந்தானையால் மூக்கை மூடி, "கருவாட்டுக் கடை" என்றாள்.

ஸ்காக்வேயில் அந்த மலை ரயில். 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்தது, தங்கம் தேடி ஓடியவர்களுக்காக. மூன்றடி அகலப் பாதை, நம் பழைய மீட்டர் கேஜைவிடச் சின்னது. அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. எனக்குக் குளிர், அவ்வளவுதான்.

இனி கிளேசியர் பே, பனியாறுகள் வந்து இறங்கும் விரிகுடா, தேசியப் பூங்கா. இதற்காகத்தான் மொத்தப் பணமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு சின்னப் படகு ஓடிக்கொண்டிருக்கிற கப்பலோடு ஒட்டி வர, பூங்காக் காவலர்கள் ஏணியில் ஏறி உள்ளே வந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு பெரிய கப்பல்களைத்தான் உள்ளே விடுகிறார்கள். மைக்கில் ஒரு காவலர் பேசினார். 1794-ல் பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் வான்கூவரின் ஆட்கள் இங்கே வந்தபோது விரிகுடாவே இல்லை, ஏறக்குறைய முழுக்கப் பனிச் சுவர். 1879-ல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது பனி முப்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று நாங்கள் போன தூரம் அறுபத்தைந்து மைல். அதாவது காலையிலிருந்து நாங்கள் மிதந்து வந்ததெல்லாம் ஒரு காலத்தில் பனி. அதற்கும் முன்பு அங்கே ஊர் இருந்ததாம், ஹூனா டிலிங்கிட் மக்களுடையது. பனி முன்னேறி வந்து அவர்களைத் துரத்தியிருக்கிறது. பனி உருகுவதையே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பனி வந்து ஊரை எடுத்துக்கொண்டது என்பது புதிதாக இருந்தது.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்றது. ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் மட்டும் சுமார் 250 அடி உயரம். நீலம். பனி இறுகி உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் போனால் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் வெளியே விடுமாம். எந்தப் பக்கத்து அறை நல்லது என்று கேட்காதீர்கள், கப்பலை நின்ற இடத்திலேயே மெதுவாகத் திருப்புகிறார்கள், எல்லாருக்கும் பார்க்கக் கிடைக்கும். முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மகன் "எப்ப விழும்?" என்று கேட்டுக் கேட்டு உள்ளே ஐஸ்கிரீமுக்குப் போய்விட்டான். சிக்னல் இல்லாத போனோடு மகள் நின்றாள், வேறு வழியில்லாமல். அம்மா கம்பளி குல்லாய், அதன்மேல் என் மழைக்கோட்டுத் தொப்பி, கீழே புடவை. உள்ளே போகலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். "நீ போ" என்றாள்.

அப்புறம் ஒரு வீட்டளவுத் துண்டு கழன்றது. சத்தமே இல்லை. விழுந்து, தண்ணீர் எழும்பி, அதற்குப் பிறகுதான் இடித்தது. அந்தச் சத்தத்தை டிலிங்கிட் மக்கள் 'வெள்ளை இடி' என்பார்களாம். "மின்னல் முன்னால, இடி பின்னால" என்றாள் அம்மா, ரொம்பச் சாதாரணமாக.

*

நாங்கள் டொரன்டோ. 2023 ஆவணியிலை வான்கூவரிலை ஏறி, ஒரேயடியாய் வடக்கை போய் அலாஸ்காவிலை விட்டியர் எண்ட துறைமுகத்திலை இறங்கினனாங்கள். அப்பம்மாவைச் சக்கர நாற்காலியிலை கொண்டு போனது. கனடாக் கடவுச்சீட்டு எண்டதாலை விசாத் தொல்லை இல்லை, அமெரிக்கக் குடிவரவுச் சோதினை வான்கூவர் துறைமுகத்திலையே முடிஞ்சுது.

நீங்கள் எழுதினதை வாசிக்க எரிச்சலாய்க் கிடக்கு, சொல்லிப்போட்டன். எங்கடை கப்பல் ஹபார்ட் பனியாற்றுக்குப் போகவேண்டியது. ஆறு மைல் அகலமாம். மற்றதுகள் பெரும்பாலும் பின்னுக்குப் போக, இது முன்னுக்கு வருகுது. 1986-லும் 2002-லும் பக்கத்திலை நிலத்துக்குள்ளை நீண்டு கிடக்கிற கடல்நீர்க் கையை அடைச்சுப்போட்டுதாம். இவ்வளவும் நான் கப்பலுக்குள்ளை விரிவுரையிலை கேட்டது. கண்ணாலை கண்டது வெள்ளைப் புகார், மூடுபனி. கைக்கெட்டின தூரம் தெரியேல்லை. மிதக்கிற பனிக்கட்டியும் கூடவாம், கப்டன் அறிவிச்சுப்போட்டுத் திருப்பீட்டார். காசு திருப்பித் தருவினமோ எண்டு ஒருத்தர் சண்டை பிடிச்சவர். தரமாட்டினம், அது எழுத்திலை இருக்கு.

திரும்பேக்கை அப்பம்மாதான் கண்டது. "அங்கை பார் பிள்ளை, ஆரோ தண்ணிக்குள்ளை நிமிர்ந்து படுத்திருக்கினம்" எண்டா. கடல்நீர்நாய். பத்துப் பதினைஞ்சு இருக்கும், எல்லாம் மல்லாக்க. ஒண்டு தன்ரை குட்டியை வயித்திலை வைச்சுக்கொண்டு மிதந்தது. தோலுக்காகச் சுட்டுச் சுட்டு அந்தக் கரையிலை ஒண்டும் மிஞ்சாமல் போய், 1960-களிலை தூரத்துத் தீவிலையிருந்து பிடிச்சுக் கொண்டுவந்து தென்கிழக்கு அலாஸ்காவிலை விட்டதாம். பிறகு எனக்கு வாசிச்சுத் தெரிஞ்சது. அப்பம்மாவுக்கு இது ஒண்டும் தேவையில்லை. "குளிராதோ அதுக்கு" எண்டு இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தா.

சக்கர நாற்காலிக்காரருக்கு ஒண்டு: கப்பல் துறைமேடையிலை கட்டுதோ, இல்லாட்டி நடுக்கடலிலை நிண்டு சின்னப் படகிலை இறக்குதோ எண்டு ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கேளுங்கோ. படகெண்டால் அலை அடிக்கிற நாளிலை நாற்காலியை ஏத்தமாட்டினம்.

*

என் பங்குக்கு ஒரு அவமானம். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பலில் கடிகாரத்தை மாற்றச் சொல்லி அறிவிப்பு வந்தது, என் கணவர் கைக்கடிகாரத்தை மாற்றினார். போன் ஏற்கெனவே தானாக மாறியிருந்தது அவருக்குத் தெரியாது, அதையும் கையால் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார். ஸ்காக்வேயில் அவர் போனை நம்பி நிதானமாகக் காபி குடித்தோம். மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்னம்மா, நம்ம கப்பல் ஆளுங்க ஒருத்தரையும் காணோம்?" என்றார். துறைமுகப் பாலத்தில் மூன்று பேரும் ஓடியதை மேல் தளத்தில் நின்றவர்கள் கைதட்டி வரவேற்றார்கள். எழுபது வயதில் மாமியார்தான் முதலில் போய்ச் சேர்ந்தது.

கப்பல் மூலம் எடுத்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. கை கழுவும் விஷயமும் சொல்கிறேன், வாசலில் தரும் ஜெல் வயிற்றுப்போக்குக் கிருமிக்குப் போதாது, சோப்பும் தண்ணீரும்தான்.

பனி விழுந்த வீடியோ இருந்தால் போடுங்களேன், அண்ணா.

*

போடலாம், ஆனால் ஒரு சங்கடம். எடுத்தது அம்மா. கடைசி ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்தத் தூத்துக்குடிப் பையனைக் கூப்பிட்டு, "நீ பாக்கலன்ன, இந்தா பாரு" என்று போனை நீட்டினாள். தட்டுகளை அடுக்கிய கையோடு குனிந்து பார்த்தான். பனி கழன்று விழுகிற இடம் நன்றாகத்தான் வந்திருந்தது. இடி வரவேண்டிய இடத்தில் அம்மாவின் குரல்தான்: "ஏலே, ஓடி வா, ஐஸ்கிரீமை வச்சிட்டு ஓடி வா!"

இன்னொரு தடவை போடச் சொன்னான். முழுதும் பார்த்துவிட்டு, "சத்தம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான். அம்மா மேஜையைக் கையால் தட்டிக் காட்டினாள்.