லா பாஸ் மலைநோய்: மூன்றாம் நாள் புதுப்பிப்பு

"தலை வெடிக்குது, தூக்கமே இல்லை, கிளம்பிடவா?" என்று, பொலிவியாவின் மலை நகரமான லா பாஸுக்கு வந்த முதல் நாள் இங்கே கேட்டிருந்தேன். கிளம்பவில்லை. பையைக்கூடப் பிரிக்காமல் இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். அப்படி இருக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இறங்கிய எல் ஆல்ட்டோ விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேல். நகரின் நடுப்பகுதி சுமார் 3,600. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவு, மலைநோய் வருவது அதனால்தான். முதல் இரவு மூச்சு முட்டி நாலு முறை விழித்தேன், பயந்தே போனேன். விடுதி அம்மா கோகா இலைத் தேநீரும் சூடான சூப்பும் தந்தார். அந்த அன்பை மறக்க மாட்டேன்.

இன்று தலைவலி இல்லை. மேட்டில் பத்தடிக்கு ஒருமுறை நிற்கிறேன். நிமிர்ந்தால் பனி மூடிய இல்லிமானி மலை. ஏற்றத்துக்குக் கேபிள் கார்தான். டிட்டிகாக்கா ஏரி இன்னும் உயரம், 3,812 மீட்டர். அதை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டேன்.